ஒட்டாத கூரை

எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் அம்மாவுக்காகக் கட்டிய அறைக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு வானம் தெரியும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை ஏன் மூடாமல் விட்டீர்கள் என்று கேட்பார்கள். காற்றுக்காக என்று சொல்லிவிடுவேன். அது பொய் இல்லை. வந்தவர்களிடம் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியது அவ்வளவுதான்.

வீடு நைனாவின் தாத்தா கட்டியது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தெருவில் தெலுங்கு தெரியாதவர்கள் வீட்டில்கூட அப்படித்தான். திருத்தணியில் மலைக்குப் பின்பக்கம், நெசவுக்காரர்கள் தெருவில், சுண்ணாம்பும் செங்கல்லுமாய் எழுப்பிய கனத்த சுவர்கள், பனை வாரை, நாட்டு ஓடு. முன்கூடத்தில் இரண்டு குழித்தறி. நடுவில் முற்றம், அதற்கு அப்பால் சமையல்கட்டு. பழைய வீடு என்றதும் பட்டணத்தில் சிலர் உருகிப் போவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கூரையிலிருந்து தேள் விழுவதும், பகல் பன்னிரண்டு மணிக்கும் கூடத்தின் மூலையில் விளக்கு வேண்டியிருப்பதும், மழைக்கு எல்லாப் பாத்திரத்தையும் பரப்பி வைப்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வீட்டை இடிக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெயில் காலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தவன் இடிக்கச் சொல்ல மாட்டான்.

அம்மாவின் அறையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அடைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அந்த வீட்டைப் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சதயத்துக்கு ஆறு மாதம், கார்த்திகைக்கு மூன்று மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அதுவரை அந்தக் கூரையின் கீழே அடுப்பு எரியக் கூடாது, ஆள் படுக்கக் கூடாது. மற்றவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடலாம். நெசவுக்காரன் எங்கே போவான்? குழித்தறி தரையைத் தோண்டி இறக்கியது. குழியைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போக முடியாது. வீட்டைப் பூட்டினால் தறிக்கும் பூட்டு, சோற்றுக்கும் பூட்டு. அதனால் எங்கள் தெருவில், ஆள் தேறாது என்று தெரிந்ததும் முதலில் பஞ்சாங்கத்தை எடுப்பார்கள். நட்சத்திரம் சரியில்லை என்றால் மூச்சு இருக்கும்போதே கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்துவிடுவார்கள். வெயிலானாலும் மழையானாலும் மிச்சமிருக்கும் மூச்சு அங்கேதான் போக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்தில் சதயத்தில் போனார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. வெளியே தூக்கிக்கொண்டு போக யாருக்கும் அவகாசம் கொடுக்கவில்லை. காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் போனோம். அம்மாவுக்குத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தடுத்துக் கொடுத்தார். நைனா அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தார். அம்மாவின் இடுப்பில் எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி இருந்தான். ஐப்பசி மழை கொட்டகைக்குள்ளும் பெய்தது. அவனுக்குச் சளி நெஞ்சில் கட்டியது. எங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கும் நாள் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

அம்மா அழுததாக எனக்கு நினைவில்லை. வீடு திரும்பிய அன்று தறிக்குழிக்குள் எலி வளை தோண்டியிருந்தது. அம்மா குழிக்குள் இறங்கி, வளையில் மண்ணைப் போட்டுக் காலால் மிதித்து மிதித்து மூடினாள். மூடிய பிறகும் வெகுநேரம் மிதித்துக்கொண்டே இருந்தாள். தங்கை அதற்குச் சில வருஷம் கழித்துப் பிறந்தவள்.

எழுபதுகளில் நான் மெட்ராஸில் ஒரு கட்டட கான்டிராக்டரிடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறி ஊருக்கு வருவேன், திங்கட்கிழமை விடியலில் திரும்புவேன். ஒவ்வொரு வாரமும் அம்மாவின் இருமல் கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஆயுசு முழுக்க நூல் இழைத்தவள். பஞ்சுத் தூசியைத்தான் மூச்சாக விட்டுக்கொண்டிருந்தாள். திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அம்மாவின் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இந்தம்மாவைத் தறிப் பக்கம் படுக்க விடாதீங்க. வெளிச்சமும் காத்தும் வர்ற எடமா பாத்துக் குடுங்க. மருந்து அதுக்கப்புறந்தான்" என்றார்.

எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. பின்பக்கக் கொல்லையில் கட்டலாம் என்று அன்றைக்கே ரயிலில் முடிவு செய்துவிட்டேன். மணவூர் ஸ்டேஷன் வருவதற்குள் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் முதல் படம் போட்டாயிற்று.

ஊரில் அப்போது கட்டிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் தீப்பெட்டியைத் தரையில் வைத்தது போல இருந்தன. தட்டைக் கூரை, உள்ளே போனால் வெந்து போவோம். அதையே நானும் கட்டினால் வரைந்து பிழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்காதா? அதோடு சிமென்டுக்குப் பர்மிட் வாங்க அலைந்த காலம் அது. எனவே பழைய வீடு எதனால் ஆனதோ அதனாலேயே புது அறையையும் கட்டுவது, ஆனால் பழைய வீட்டில் இல்லாததை எல்லாம் அதற்குக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். சுண்ணாம்புக் கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டோம். கனகம்மாசத்திரத்தில் ஒரு வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஓட்டையும் பனை வாரையையும் மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். உடைந்து கிடந்த பழைய தறியின், நெய்த துணியைச் சுருட்டும் படைமரத்தை இழைத்து ஜன்னலுக்கு மேல் உத்தரமாக வைத்தேன். பல வருஷம் கை பட்டு வழவழப்பான மரம், அதற்கு வார்னிஷே வேண்டியிருக்கவில்லை.

ஜன்னலைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இறக்கினேன். படுத்தபடியே மலையும் மேலே கோயிலும் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. மேற்குச் சுவரில் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கி, காற்று வருகிற மாதிரி, வெயில் வராத மாதிரி செய்தேன். கூரையின் நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு. ஓட்டிலிருந்து வடிகிற மழைத் தண்ணீர் காரை வாய்க்கால் வழியாகக் கிணற்றுக்குப் போய்விடும். அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிறகு எத்தனையோ பேருக்கு எத்தனையோ வரைந்தேன், அது மாதிரி ஒன்று கையில் வரவில்லை.

இடைவெளிக்கு வருகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் புதுச் சுவரையோ கூரையையோ சாய்க்காதே, இரண்டும் ஒன்றுபோல் உட்காராது, வெடிக்கும் என்று எங்கள் ஆபீஸ் என்ஜினீயர் சொல்லியிருந்தார். அதனால் அறையைத் தள்ளி வைத்து, நடுவில் ஒரு முழத்தை வானத்துக்கு விட்டேன். நடப்பதற்குக் கீழே கல் தளம் மட்டும். பழைய வீட்டை ஒரு விரல்கூடத் தொடாமல் அதன் பக்கத்தில் ஒரு புது அறை நிற்கிறது என்பதில் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது. படத்தை அம்மாவின் முன்னால் விரித்து, கை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் ஜன்னலைக் கேட்கவில்லை, கண்ணாடி ஓட்டைக் கேட்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ரெண்டு கூரையும் ஒட்டாதா?"

"ஒட்டாதும்மா. அதான் இதுல விசேஷம்."

"நெஜமா ஒட்டாது?"

"ஆங், ஒட்டாது."

"அப்படின்னா கட்டு" என்றாள்.

தன் பிள்ளையின் வேலையில் எது அழகு என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாளே என்று நான் பூரித்துப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்த நைனா கையை நிறுத்தி ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். பிறகு நெய்யத் தொடங்கினார். அவர் வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற ஆள்.

மேஸ்திரிக்கு அந்த இடைவெளி சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இன்னா சார் இது, ரெண்டுக்கும் நடுவுல மழை ஊத்தறதுக்குன்னே வழி உட்டு வெச்சிருக்கிறீங்க. நாளைக்குப் பாக்கிறவன் என்னைத்தான் சிரிப்பான்" என்று தினமும் புலம்பினார். அம்மாதான் உள்ளேயிருந்து, "அவன் சொல்றா மாதிரியே கட்டிடு மேஸ்திரி. ஒரு ஓடுகூட இந்தப் பக்கம் தொடக் கூடாது" என்று இருமலுக்கு நடுவே சொல்லி அவர் வாயை அடைத்தாள்.

சித்திரையில் அம்மா புது அறைக்குப் போனாள். அந்தக் கோடையில் அவள் நன்றாகத் தூங்கினாள், எழுந்து உட்கார்ந்து காய் நறுக்கினாள், தறிச் சத்தம் இல்லாமல் என்னமோ மாதிரி இருக்கிறது என்று குறைகூடச் சொன்னாள். சாயங்காலம் மலை மேல் விளக்குப் போடும்போது படுத்தபடியே கை கூப்புவாள். நான் சனிக்கிழமை வந்தால் அந்த ஜன்னலோரம்தான் சாப்பாடு. அவ்வளவு நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்.

ஐப்பசியில் மழை வலுத்தது. சமையல்கட்டுக்கு வர எழுந்த அம்மா, அந்த ஒரு முழத்தில் நனைந்து, கல்லில் வழுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. நனைந்ததில் இருமல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை வந்து பார்த்த எனக்கு என் மேலேயே கோபம். கடைக்குப் போய் ஒரு தகர ஷீட் வாங்கிவந்து, பழைய கூரைக்கும் புதுக் கூரைக்குமாக வைத்து, இரண்டு பக்கத்து வாரையிலும் போல்ட் போட்டு முடுக்கினேன். ஒரு போல்ட் குறைந்தது. உடைந்த தறிச்சட்டத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றி அதை வைத்தேன். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அப்போது எனக்கு ஒரு பைத்தியம். துரு ஏறியிருந்தது, ஆனாலும் கடித்துப் பிடித்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. என் கட்டடத்தின் முகத்தில் நானே பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி.

மழைச் சத்தம் மாறியதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். மெல்ல எழுந்து வாசற்படிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"கழட்டு அதை."

"நனையறியேம்மா. மழை முடியட்டும்."

"உன்னை எவன்டா மூடச் சொன்னான்? நான் எதுக்கு இந்த ரூமுக்கு ஒத்துக்கினேன்னு நெனச்சே? எனக்கு எந்த நாள் வாய்க்குமோ யாருக்குத் தெரியும்? ஆகாத நாளா இருந்தா இந்த ரூமை மட்டும் பூட்டினா போதும். தறி ஓடும். யாரும் கொட்டாயிக்குப் போவ வேணாம். ஒரு புள்ளய வாரிக் குடுத்தது போதாதா?"

கொட்டகையைப் பற்றி அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது, நாலு பேர் நடுவில் இதெல்லாம் மூடப் பழக்கம் என்று பேசுகிற வயது. அதைவிட, அம்மா தன் சாவைப் பற்றி அரிசி பருப்பு போலப் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. அறை கட்டியது நீ இருப்பதற்கு, போவதற்கு இல்லை என்று கத்தினேன். பொங்கல் கழிந்ததும் கழற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். பொங்கல் கழிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பழைய வீட்டில், சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் அவளுக்குப் படுக்கை. அம்மா அப்போது படுத்த படுக்கை. பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. விடியலிலேயே தெருவெல்லாம் மஞ்சள் வேட்டி, பூக்காவடி, பம்பைச் சத்தம். கொல்லைச் சந்து வழியாகக்கூட ஜனம் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காலையிலேயே மூச்சு மாறிவிட்டது. டாக்டரைக் கூட்டிவரப் போன பக்கத்து வீட்டுப் பையன் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தான். பக்கத்துத் தெருவிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். சித்தப்பா அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது. அன்றைக்கு அவர் பஞ்சாங்கத்தை எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கார்த்திகை என்று ஊரே அரோகரா போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. முருகனுக்கு அதைவிட உகந்த நட்சத்திரம் இல்லை, சாவுக்கு ஆகாத நட்சத்திரமும் அதுதான்.

சித்தப்பா இரண்டு கூரைக்கும் நடுவில் நின்று மேலே பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். பிறகு நைனாவிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "கூரை ஒண்ணா இருக்குதுண்ணா. மூணு மாசம் பூட்டணும். வயித்துப் புள்ளயோட அந்தப் பொண்ணை எங்க கொண்டுபோய் வெக்கறது? கட்டிலைக் கொல்லைக்குத் தூக்கிடலாம்."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா போனபோது கொட்டகையில் எங்களோடு இருந்தவர் அவர். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்டது. கையைத் தூக்கி வாசலைக் காட்டினாள்.

"வெளிய... போட்டுடுங்க. புள்ளத்தாச்சி... இருக்கறா."

ஆடிக் காற்று கொல்லையில் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சந்தில் போகிற காவடிக் கூட்டம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு போகும். அவளுக்காக இறக்கிவைத்த ஜன்னல், அவளுக்காகப் போட்ட கண்ணாடி ஓடு, எல்லாம் இங்கே சும்மா இருக்க, மூச்சுக்கு ஏங்கி ஏங்கி அவள் புழுதியில் போக வேண்டுமா? யாரும் கட்டிலைத் தொடக் கூடாது என்றேன். கூரையைப் பிரித்துவிடுகிறேன், அதுவரைக்கும் பொறுங்கள் என்றேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியைச் சாய்த்தேன். நைனா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பக்கத்து போல்ட்களைக் கழற்றினால் போதும். புதுப் போல்ட்கள் முரண்டு பண்ணிவிட்டு வந்துவிட்டன. கடைசியில் அந்தத் தறிப் போல்ட் நின்றது. துரு அதை மரத்தோடு மரமாக்கியிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது, கை கிழிந்தது, மறுபடி வழுக்கியது. கல்லை வாங்கித் தட்டினேன். அசையவில்லை. மலையில் வேட்டுப் போட்டார்கள். எனக்குக் கீழே கண்ணாடி ஓடு வழியாக அம்மாவின் புடவையின் நிறம் மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

தங்கை உள்ளே அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் குரல் மேலே வந்தது.

"அண்ணா, அம்மா கேக்கறாங்க. பிரிஞ்சிடுச்சா?"

நான் ஸ்பேனரைப் பிடித்தபடி இருந்தேன். கீழே நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா..."

"ஆங், பிரிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

ஸ்பேனரை மறுபடியும் அந்தப் போல்ட்டில் மாட்டித் திருகினேன். பிறகு தங்கை அலறினாள்.

நான் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். போல்ட்டைச் சுற்றிக் கிழிந்துகொண்டு அது வந்தது. மறுபக்கத்து போல்ட்களையும் கழற்றிக் கொல்லையில் தூக்கி எறிந்தேன். துருப்பிடித்த போல்ட்டும், அது கவ்விப் பிடித்த தகரத்தின் கிழிசலும் வாரையிலேயே நின்றுவிட்டன. இறங்கி உள்ளே போனபோது கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் அம்மாவின் கழுத்து வரைக்கும் விழுந்திருந்தது. முகத்தில் வலி இருக்கவில்லை. தங்கை, "நீ சொன்னதைக் கேட்டாங்கண்ணா. கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது.

அதுவரை அம்மாவின் பக்கத்தில் இருந்த சித்தப்பா நடுவில் வந்து அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது. அவருக்கு அது போதும். "இந்த ரூமை மட்டும் பூட்டினா போதும்" என்றார்.

காரியம் முடிந்ததும் அறையைப் பூட்டினோம். அதற்கு முன் மலை தெரிகிற ஜன்னலின் மரக் கதவைச் சாத்தி நானே உள்பக்கம் தாழிட்டேன். சித்தி எங்களோடு வந்து தங்கினாள். அடுப்பு எரிந்தது. அம்மா நினைத்தபடியே எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. நைனா தறியில் உட்காரவில்லை.

"பொதட்டூர்பேட்டையில ஒருத்தனுக்குக் கை உடைஞ்சி போச்சாம். தறி சும்மா இருக்குதாம். போயி நெய்ஞ்சிட்டு வரேன்" என்றார்.

"இங்க உன் தறி சும்மாத்தானே நைனா இருக்குது?"

"வாக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பெண்டாட்டி போனதும் வீடு கசந்துவிட்டதா, பிள்ளைத்தாச்சிப் பெண்ணை விட்டுவிட்டு அப்படி என்ன வாக்கு வேண்டிக் கிடக்கிறது என்று சித்தியிடம் கொட்டித் தீர்த்தேன். சித்தி, ஆம்பிளைங்க துக்கம் அப்படித்தான் என்றாள்.

ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நட்சத்திரமாவது அடைப்பாவது என்று பேசித் திரிந்தவன் நான். அந்த மூன்று மாதமும் சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கி வீட்டை நெருங்கும்போது, உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் தெருவில் நடந்தேன். தங்கைக்குக் கால் வீங்கினால் பயம், குழந்தை அசையவில்லை என்று அவள் சொன்னால் பயம். நான் சொன்ன ஒரு பொய்யின் மேல்தான் அவள் படுத்துக் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் அந்த நிமிஷமே அவளை வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆபீசில் கோடு கோணலாகப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

புரட்டாசியில் அவளுக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். தகவல் சொன்னதும் நைனா வந்தார். வந்தவர் தெருவிலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வா நைனா."

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சி. கொழந்தையை இங்க கொண்டா, பாத்துட்டுப் போறேன்."

சித்தி குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அதன் கையைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நம் வீட்டுத் தண்ணீர் இவருக்குக் கசக்கிறதா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, இந்த ஆளுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில், மூன்று மாதம் முடிந்த மறுநாள், நைனா துணிப்பையோடு திரும்பி வந்தார். தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி, உள்ளே வந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் போய் அம்மாவின் அறையைத் திறந்தார், தாழிட்டிருந்த ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து தறிக்குழியில் இறங்கினார். மிதிபலகையின் தூசியைக் கையாலேயே துடைத்தார். வெளியே மழை. நடுவில் அந்த ஒரு முழத்துக்கு மழை நேராகக் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவரின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அறுந்து கிடந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார்.

"மேல அந்தத் தறி போல்ட்டு ஒண்ணு அப்படியே நின்னுகினு இருக்குது பாரு" என்றார். "மழை உட்டதும் அறுத்துப் போட்டுடு. இனிமே ஒண்ணும் இல்ல."